கொடிகள் மேற்கே திரும்பியபோது

பழவேற்காட்டில், ஒரு காலத்தில் ஹாலந்திலிருந்து வந்த டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். எழுபதுகளில் ஊர்ப் பையன்கள் அந்த வாசலைத்தான் கோலாக வைத்து ஹாக்கி ஆடினார்கள். ஆனால் எலும்புக்கூடுகளுக்கு நடுவே காவல் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்த தெய்வசிகாமணியை மக்பூல்தான் ஒருநாள் பிடித்து நிறுத்தினான்.

"பயமா கீதாடா?"

"செத்தவன் இன்னா பண்ணுவான்? உன் பந்துதான் பல்ல ஒடைக்கும்" என்றான் சிகாமணி. அன்று ஒரு பந்தும் உள்ளே போகவில்லை.

மக்பூல் மதராஸுக்குப் படிக்கப் போனான். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்ததும் சிகாமணியையும் இழுத்துக்கொண்டான். மீன்பாடில்லாத நாட்களில் பொன்னேரி போய் ரயில் பிடித்து ஆடிவிட்டு வருவான் சிகாமணி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் மதராஸில் வெளிநாட்டு ஜூனியர் அணிகள் ஆடும் போட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. மலேசியா, ஜெர்மனி, ஹாலந்து எல்லாம் வந்தன. நடத்தும் ஊர் என்பதால் மதராஸ் அணிக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதற்குக் கோல்கீப்பர் தெய்வசிகாமணி.

செய்தி கேட்டுக் குப்பமே சிரித்துப் பேசியது. அவனுடைய அண்ணன் லோகநாதன் மட்டும் நாள் கணக்குப் பார்த்தான். ஹாலந்தோடு ஆட்டம் நடக்கும் அதே நாளில் அவர்கள் வீட்டுக்குப் பாடு விழுந்திருந்தது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கழி ஊன்றி வலை கட்டும் இடங்கள் உண்டு. அவற்றைச் சீட்டுப் போட்டு வீடுவீடாக முறை பிரித்துக்கொள்வதுதான் பாடு. விழுந்த முறையை வேறு வீட்டுக்காரனுக்குத் தர முடியாது. அந்த வீட்டு ஆள்தான் கழியைப் பிடித்துத் தண்ணீரில் நிற்க வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால் அந்தச் சுற்று முழுக்கப் போய்விடும். அவர்கள் வீட்டில் அப்பா இறந்த பிறகு சிகாமணிதான் நின்றுவந்தான். லோகநாதனின் வலது தோள்மூட்டு அடிக்கடி கழன்றுகொள்ளும். ஒருமுறை துடுப்புப் போடும்போதே கழன்று, படகில் கிடந்து அலறியிருக்கிறான்.

"நான் நிக்கறேன். நீ போ" என்றான் லோகநாதன்.

அண்ணி முனியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஒத்தக் கையில நிப்பியா? ஐப்பசித் தண்ணி அது."

"உன் தம்பி ராஜவேலு துணைக்குப் படகுல இருப்பான். நீ குழம்பப் பாரு."

சிகாமணி தன் இடுப்புக் கத்தியை உருவி அண்ணனிடம் நீட்டினான். "ணா, கொண்டல் காத்து எழும்புச்சுன்னா முடிச்ச அவுக்கப் பாக்காத. வெட்டிவுட்டுட்டு வந்துடு."

லோகநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. பாடு நிற்கும்போது வலையை வெட்டுவது குப்பத்தில் பெரிய குற்றம். வெட்டிய வலை நீரோட்டத்தில் போய் அடுத்தவன் கழியில் சுற்றி அவன் வலையையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படி வெட்டியவனின் வீட்டுக்கு ஊர் மறுபடி சீட்டுப் போடாது.

"வெட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கரையேறுவேன்? பாடு போனா கடலுக்குத்தான் போவணும். இந்தத் தோள வச்சிக்கினு கடலுக்கா?"

"கத்திய வாங்கு. அப்பதான் போவேன்."

அண்ணன் வாங்கிக்கொண்டான். ஆனால் இடுப்பில் செருகவில்லை. கூரை ஓலையில் செருகினான். அதைப் பார்த்துக்கொண்டேதான் சிகாமணி மதராஸுக்குக் கிளம்பினான்.

ஆட்டத்தன்று காலை எழும்பூர் மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வடக்கு ஓரத்தில் நாலு நாட்டுக் கொடிகள் கம்பங்களில் பறந்தன. மழை பிந்திய வருஷம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சிகாமணிக்கு அந்த வெயில் பிடிக்கவில்லை. காற்றில் சேற்று வாடை இருந்தது. இந்நேரம் முகத்துவாரத்தில் நீர் இறங்கத் தொடங்கியிருக்கும், அண்ணன் கழியருகே நிற்பான் என்று கணக்குப் போட்டபடியே கால்காப்புகளைக் கட்டினான்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டத்தில் மக்பூல் உட்கார்ந்திருந்தான். "மச்சி, இவனுங்க தாத்தனுங்க வாசல்லதான் நீ இத்தினி வருஷம் நின்ன. கணக்கு முடிச்சிக்க" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவர்கள் புரியாமல் சிரித்தார்கள்.

முதல் பாதியில் ஹாலந்துப் பையன்கள் எப்படி அடித்தும் பந்து அவனைத் தாண்டவில்லை. காலால் தடுத்தான், மார்பால் தடுத்தான், ஒன்றை விழுந்து மட்டையால் தள்ளினான். இடைவேளையில் பயிற்சியாளர் முதுகில் தட்டி, "இப்படியே நின்னா இந்தியா ஜூனியர் முகாமுக்கு உன் பேர்தான்" என்றார். சிகாமணி தலையாட்டினான். காற்று நின்றுபோயிருந்தது. கொடிகள் ஈரத்துணிபோல் கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தன.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் அவன் வலது கன்னத்தில் ஏதோ சில்லென்று பட்டது. ஹாலந்தின் நடு ஆட்டக்காரன் பந்தோடு வட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தான். சிகாமணி கொடிகளைப் பார்த்தான். நான்கும் ஒன்றாக எழும்பி மேற்கே திரும்பின. கொண்டல். கடலிலிருந்து வரும் காற்று இறங்கும் நீரை எதிர்த்து மோதும். முகத்துவாரத்தில் தண்ணீர் எழுந்து நிற்கும். அவன் கழுத்து தானாகவே கிழக்கே திரும்பிற்று. காற்று மாறினால் அந்தக் குப்பத்தில் எவனுக்கும் திரும்பும்.

பின்னால் பலகை அதிர்ந்த சத்தத்தில்தான் பந்து உள்ளே போனது தெரிந்தது.

"எங்கடா பாக்குற?" என்று பின்கள ஆட்டக்காரன் கத்தினான். சிகாமணி கையுறையைக் கழற்றியபடி எல்லைக்கோட்டுக்கு நடந்தான்.

"அடிபட்டுச்சா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார். ஊருக்குப் போவணும்."

"இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர்றதைப் பத்தி நினைக்காத."

"சரி சார்."

மக்பூல் ஓடிவந்தான். காரணம் கேட்கவில்லை. அவனும் கொடிகளைப் பார்த்திருந்தான்; ஸ்டேஷன்வரை கூட வந்து ரயிலேற்றிவிட்டான். பொன்னேரி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் யாரோ முகத்துவாரத்தில் ஆள் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீடு எது, பேர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சிகாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

கரையில் கூட்டம் கடலைப் பார்த்து நின்றது. நுரைக்கு நடுவே அவர்கள் வீட்டுக் கழிகள் சாய்ந்து தெரிந்தன. அவற்றில் வலை இல்லை. சிகாமணி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

"எங்கடா போற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கவிழ்த்த படகின் மறைவில் லோகநாதன் படுத்திருந்தான். தோள் கழன்று கை ஒரு பக்கமாகத் தொங்கியது. ராஜவேலு அவன் தலையை மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் மணலில் கத்தி கிடந்தது. முனியம்மா அதை ஓலையிலிருந்து எடுத்து ராஜவேலுவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"வெட்டிட்டியாணா?"

"வெட்டிட்டேன்." லோகநாதன் மூச்சு வாங்கினான். "விடாம புடிச்சிக்கினுதான் இருந்தேன். அப்பறம் நெனச்சேன், இவன் அங்க நிக்க மாட்டான், ஓடியாந்துடுவான், வந்து இந்தத் தண்ணில குதிப்பான்னு. குதிக்கத்தான போன?"

"ஆட்டம்?"

"ஒண்ணு வுட்டேன்."

பஸ்ஸில் சொன்னதுபோல் ஆள் யாரும் போகவில்லை; ஆனால் அவர்கள் வலை போய்ச் சுற்றியதில் அடுத்த கழிக்காரனின் வலையும் போயிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. ஊர் கூடியபோதும் யாரும் குரல் உயர்த்தவில்லை. சீட்டுக் குலுக்கும் பானைக்குள் அவர்கள் வீட்டுச் சீட்டு மட்டும் விழவில்லை.

முகாமுக்கு அழைப்பும் வரவில்லை. கார்த்திகையில் அண்ணனும் தம்பியும் கட்டுமரத்தைக் கடலில் தள்ளினார்கள். லோகநாதன் தோளைத் துணியால் இறுகக் கட்டியிருந்தான். அலையைத் தாண்டி வடக்கே போகும்போது, அன்று மைதானத்தில் போலவே காற்று நின்றுபோயிற்று.

இருவரும் ஒரே நேரத்தில் கிழக்கே திரும்பினார்கள்.