அக்காவுக்குப் பதிலாக ஓர் ஊசி

மரக்காணம் பக்கம் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், போன வருடம் நோயாளிகளின் மணிக்கட்டில் புது மாதிரிப் பட்டை கட்டத் தொடங்கினார்கள். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு சில்லு. மருந்து டிரேயிலும் அதேபோல ஒன்று. கைக்கருவியை இரண்டுக்கும் அருகில் காட்ட வேண்டும். மருந்தும் ஆளும் பொருந்தினால் பச்சை விளக்கு. இல்லையென்றால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். "இனிமே மருந்து மாறவே மாறாது மேடம்" என்றார் அதைப் பொருத்த வந்தவர். நம்பினேன்.

இரண்டு நாள் லீவு முடிந்து வந்த காலையில், உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு பெண்கள் புதிதாக அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். மூத்தவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இளையவளுக்குக் காய்ச்சல். மூத்தவரின் கட்டிலுக்கு இன்சுலின் ஊசியோடு போய்க் கருவியைக் காட்டினேன். பச்சை.

படுத்திருந்தவள் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, "தாராளமா போடுங்க சிஸ்டர்" என்றாள்.

ஊசியை இப்படி வரவேற்ற ஒருவரை நான் பார்த்ததே இல்லை. சந்தேகத்தில் போர்வையை விலக்கினேன். இரண்டு காலிலும் கட்டே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கட்டுப்போட்ட கால் மெல்லப் போர்வைக்குள் போனது.

"பட்டையை எப்படிக் கழட்டுனீங்க?"

"வளையல் கழட்டற மாதிரி சோப்பு போட்டுதாங்க. அக்காவுக்கு ஊசின்னா பயம். எனக்கு இல்ல. அதான் கட்டிலையும் பட்டையையும் மாத்திக்கினோம்."

"சர்க்கரை இல்லாத உனக்கு இதைப் போட்டா மயங்கி விழுந்துடுவே! உயிருக்கே ஆபத்து!"

"மெஷினே ஒத்துக்கிச்சே சிஸ்டர்?"

டிரேயைக் கீழே வைத்தேன்.

இருவரையும் அவரவர் கட்டிலுக்கு அனுப்பி, பட்டைகளை அவரவர் கைக்கே மாற்றி, கழற்ற முடியாதபடி இறுக்கிக் கட்டினேன். வெறுங்காலோடு நாளெல்லாம் உப்பு வாரும் அந்த அக்கா, ஊசி முனை தொடும் முன்பே அலறினார். போட்டு முடித்துப் பஞ்சையும் எடுத்த பிறகு கண்ணைத் திறந்து, "எப்பம்மா போடுவே?" என்றார்.

பொருத்தியவருக்குப் போன் செய்தேன். "சிஸ்டத்துல தப்பே இல்லீங்களே மேடம்" என்றார். உண்மைதான்.

அன்றிலிருந்து பச்சை விளக்கு எரிந்தாலும் பெயரைக் கேட்காமல் மருந்து கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்:

"தெனம் பேரு கேக்கறியே கண்ணு, மறந்து மறந்து பூடுதா? டாக்டர்கிட்ட சொல்லி நீயும் ஒரு மாத்திரை வாங்கிக்கோ."