ஆட்டுத்தோலில் ஓர் அசிங்கப் பயல்

எங்கள் ஊர் ராதொய்க்கா வீடு வீடாகப் போய், முற்றத்துப் பிளம் மரத்தடியில் கைக்குழந்தைகளைப் படம் எடுப்பவள். குழந்தைகளால் அவளுக்குத் தொல்லையில்லை. அவர்களுடைய சொந்தக்காரர்களைக் கண்டால்தான் குமட்டும். செர்பியாவில் குழந்தையை அழகு என்று சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் "அசிங்கம்" என்று சொல்லி மூன்று முறை துப்புவோம். அவள் மட்டும் அப்படிச் சொல்லவே மாட்டாள்.

நேற்று ஸ்லாவிட்சா வீட்டில், ராதொய்க்கா தன் வெள்ளை ஆட்டுத்தோலை விரித்து ஸ்லாவிட்சாவின் குழந்தையைப் படுக்க வைத்தாள். தாய்மாமன் மிலோயே சாராயமும் பச்சை வெங்காயமும் நாறக் குனிந்தான்.

"தூ, தூ, தூ! அசிங்கப் பயலே!"

குழந்தையின் கன்னம் நனைந்தது.

"யோவ், சும்மா சத்தம் காட்டினாப் போதாதா? எச்சிலை எதுக்குய்யா தெளிக்கிற?" என்று திட்டிக்கொண்டே ராதொய்க்கா துடைத்தாள். அவன் மறுபடியும் துப்பினான். அவள் மறுபடியும் துடைத்தாள். அதற்குள் குழந்தை, குடித்த பாலையெல்லாம் ஆட்டுத்தோலில் கக்கியது. அது போதாதென்று வெளிக்கும் போனது.

"சீ! இப்படி ஒரு அசிங்கம் பிடிச்ச பிள்ளைய நான் பார்த்ததே இல்ல!" என்று ராதொய்க்கா கத்திவிட்டாள்.

ஸ்லாவிட்சா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

மிலோயே கண் கலங்கிப்போய் ராதொய்க்காவின் முகத்தருகே வந்தான். "தங்கச்சி, கோபத்துல நீ எவ்வளவு அழகா இருக்கே!" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கண் பட்டுவிடுமே!

"தூ, தூ, தூ!"