நண்டுக்கு நோகாமல்

போன கிழமை பத்மா ஒரு பரீட்சையில் தோற்றுப்போனாள். தோற்கடித்தது ஒரு நண்டு.

பத்மா நாயாற்றுப் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். நண்டுக்கறிக்குப் பெயர்போன கடை. காலையில் வாங்கும் நண்டில் மிஞ்சுவது, பின்னேரத்துக்குள் வெக்கையில் செத்துவிடும். செத்ததைச் சமைக்க முடியுமா? கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டியதுதான். ஆகவே, கடை தொடர்ந்து நடக்க அவளுக்கு ஒரு குளிர்பெட்டி வேண்டும்.

ஒரு தொண்டு நிறுவனம் தருவதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்றே ஒன்று – நண்டை வதைக்காமல் கொன்று காட்ட வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர். முறைகள் அத்துப்படி. உப்புத் தண்ணீரில் ஐஸ் போட்டு, அசைவு முற்றாக நிற்கும்வரை நண்டை விறைக்க விட வேண்டும். பிறகு மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி, கூரான கம்பியால் ஒரு குத்து. கண்களுக்குக் கீழே இன்னொன்று. நல்ல முறைதான், கேலி செய்யவில்லை. உயிரோடு கால் பிடுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

பத்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஐயா, ஐஸ் வைக்கக் குளிர்பெட்டி வேணும். குளிர்பெட்டி தாறதுக்கு ஐஸிலை வைச்சுக் காட்டவேணுமாம். இதென்ன கதை?"

"நிர்வாகம் எண்டால் அப்பிடித்தான் பிள்ளை. ஐஸ் லொறியிலை வாங்கு."

"குத்த முந்தி விறைக்க வைக்கிறதோ?" சிரித்தாள். "கடைசிச் சண்டைக்குள்ளை என்ரை தோளிலை செல் வெடிச்சு ஏறின துண்டை எடுக்கேக்கை விறைப்பு ஊசி முடிஞ்சுபோச்சு. அமத்திப் பிடிச்சுக்கொண்டுதான் வெட்டினவை. நண்டு குடுத்து வைச்சது ஐயா!"

நான் கம்பியை எடுத்துக் கூர் தீட்டினேன்.

பரீட்சை நாளன்று, காலையில் வருவதாகச் சொன்ன நிறுவன வாகனம் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் ஐஸ் உருகி... தண்ணீர் வெதுவெதுப்பு. பத்மா நண்டை மல்லாத்தினாள். விழித்துக்கொண்ட நண்டு அவள் விரலைக் கவ்வியது. இரத்தம் சொட்டியது.

"அசைஞ்சிட்டுது அக்கா. அதுக்கு நொந்திருக்கும்" என்றார் இளம் அதிகாரி. உண்மையான கவலை முகத்தில். விரலைப் பார்க்கவில்லை.

"தம்பி, நீங்கள் பிந்தி வந்தபடியால்தானே ஐஸ் உருகினது?" என்றேன்.

"நாங்கள் கண்டதைத்தானே ஐயா எழுதலாம்."

எழுதினார்கள். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். காலையில் வைத்த கறி. அந்த நண்டுகள் எப்படிச் செத்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அக்கா, இன்னும் ரெண்டு கால் போடுங்கோ. சோக்கான கறி!"

பத்மா, விரலில் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு போட்டாள்.

குளிர்பெட்டி கிடைக்கவில்லை. மிஞ்சும் நண்டுகள் இப்போதும் அவளுடைய கூடையிலேயே சாகின்றன – வெயிலில், மெதுவாக, ஒரு விதியையும் மீறாமல்.