மருதப்பன் சார் பேசாமல் நின்ற பாடம்

மருதப்பனுக்கு அவர் குரல் ஒன்றுதான் சொத்து என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய மனிதர். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். காலையில் வேலை தொடங்கும்முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, எங்கே ஏறலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று ஓர் அதட்டல் போடுவாராம். அத்தனை பேரும் "புரிஞ்சுது!" என்று திருப்பிக் கத்த வேண்டும். கத்தாதவன் ஏணியில் கால் வைக்க முடியாது.

இப்படிப்பட்டவருக்கு உயர்நிலைப்பள்ளியில் சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியராக வேண்டும் என்று ஆசை வந்தது. மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கி, பட்டறை வேலையை விட்டு, ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி தங்கம் மருத்துவமனையில் தாதி. "நாப்பதுக்கு மேல நாய்க்குணம்னு சொல்வாங்க கவி, இவருக்கு வாத்தியார் குணம் வந்துருச்சு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் கவிப்ரியா. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அதே பயிற்சிக்கு வந்தவள். எங்கள் இருவரையும் பூன் லே பக்கம் ஒரே பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் பாடத்தைப் பார்ப்பது எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

கேள்வி கேட்பார். பிள்ளைகள் தலையைத் தூக்கி யோசிக்கத் தொடங்குவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். கடைசியில் "புரிஞ்சுதா?" பிள்ளைகள் உற்சாகமாக "யெஸ் சார்!" என்று கத்துவார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் அந்த அதட்டல் மட்டும் பட்டறையிலிருந்து அப்படியே வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்களை மதிப்பிட வந்த பேராசிரியர் சேவியர் இரண்டாவது பாடம் முடிந்ததும் அவரை உட்கார வைத்துச் சொன்னார். "கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. உங்களுக்கு நூத்துக்கு நூறு, மருதப்பன். பிள்ளைங்க என்ன செஞ்சாங்க? கடைசிப் பாடமும் இப்படித்தான்னா நான் தேர்ச்சி போட முடியாது."

அன்று பள்ளி உணவகத்தில் மருதப்பன் தட்டிலிருந்த மீ கோரிங் நூடுல்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதா அண்ணே?" என்று எரிந்து விழுந்தேன்.

"யார்டுல ஒருத்தன் பதில் சொல்லலைன்னா, ஒண்ணு அவனுக்குக் கேக்கல, இல்ல கீழ விழுந்துட்டான்னு அர்த்தம்மா. சத்தம் நின்னா நான் ஓடிப்போய்ப் பாப்பேன்."

"இங்க யாரும் விழல லா. யோசிக்கிறாங்க."

கடைசிப் பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு கற்பனைக் குடியிருப்புப் பேட்டை. அதன் அருகே வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தங்கும் விடுதி வரப்போகிறது. பிள்ளைகள் சான்றுகளைப் படித்து, யார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட வேண்டும். எங்கள் பாடத்தின் உயிரே அதுதான். மூன்று சான்றுகள் தயாரித்திருந்தார்: விடுதி வேண்டாம் என்ற குடியிருப்பாளர்களின் மனு, அதிகாரிகளின் விளக்கம், ஊழியர்களுக்கு ஆதரவாக ஒரு தொண்டூழியர் எழுதிய கட்டுரை. நானும் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றேன்.

பாட நாளன்று சேவியர் என் பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பேட்டையில நீங்க இருந்தா மனுவில் கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார் மருதப்பன்.

வெய் ஜியே என்ற பையன் தயங்கவே இல்லை. "போடுவேன் சார். எங்கம்மாவும் போடுவாங்க. அவ்வளவு ஆம்பளைங்க எங்க வீட்டு புளோக்குக்குக் கீழ உக்காந்திருந்தா பயமா இருக்கும்."

மருதப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் சொன்ன ஆம்பளைகளோடுதான் அவர் இத்தனை வருஷம் வெயிலில் நின்றார், ஒரே பொட்டலத்தில் சோறு தின்றார். போச்சு, பொழியப்போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மத்தவங்க?" என்று மட்டும் கேட்டார்.

வகுப்பு அமைதியானது. அவர் நெற்றி வியர்த்தது. என்னாலேயே பொறுக்க முடியவில்லை. நானே எழுந்து பதில் சொல்லிவிடலாம் போலிருந்தது. அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

ஜன்னலோரம் சாதியா என்று ஒரு பெண். அந்தப் பருவம் முழுக்க அவள் குரலை நான் கேட்டதில்லை. சான்றுத் தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், இதில் ஒண்ணு குறையுது. அங்கே தங்கப் போறவங்க சொன்னது எங்கே?"

எனக்குப் புல்லரித்தது. மூன்று சான்றுகளும் அவர்களைப் பற்றித்தான். அவர்கள் சொன்னது ஒன்றுகூட இல்லை. வேறு யார் தயாரித்திருந்தாலும் எங்காவது தேடி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். 'அவர்கள் சார்பில் பேசத்தான் நான் இருக்கிறேனே' என்று நினைத்த மருதப்பன் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியும்.

"விட்டுட்டேன், சாதியா" என்றார். "அவங்களோடயே இருந்தும் விட்டுட்டேன்."

அதன்பிறகு அந்த வகுப்பை அடக்க முடியவில்லை. யாரைக் கேட்கலாம், என்ன கேட்கலாம், அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடலாமா என்று வெய் ஜியே உட்பட ஆளாளுக்கு மோதிக்கொண்டார்கள். நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆசிரியர் தப்பை ஒத்துக்கொண்டால் வகுப்பு இப்படித் திறந்துகொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சேவியர் முடிவு சொல்லவில்லை. "குறையுற சான்றைக் கொண்டாங்க. திங்கட்கிழமை பாடத்தை முடிங்க. அதையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் கூட்டம் நெரிந்தது. மருதப்பனும் நானும் உட்கார்ந்திருந்த மேசைக்கு அண்ணாதுரை வந்தார். புதுக்கோட்டைக்காரர், வெல்டர், மருதப்பனின் கீழ் பல வருஷம் வேலை பார்த்தவர். தே தாரே என்ற நுரைத் தேநீர் வந்ததும் மருதப்பன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். "உங்க விடுதி வேணாம்னு அந்தச் சனங்க கையெழுத்துப் போட்டா நீ என்ன நினைப்பே?"

அண்ணாதுரை சிரித்துவிட்டார். "என்னண்ணே, இத்தனை வருஷமா 'புரிஞ்சுதா'ன்னுதான் கேட்டிருக்கீங்க. என்ன நினைக்கிறேன்னு இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். மருதப்பனின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பேச்சை மாற்ற நான் வாயெடுத்தேன். மேசைக்கடியில் அவர் கால் என் காலை இடித்தது. சும்மா இரு என்று அர்த்தம். இவர் எனக்குச் சொல்கிறார்!

அண்ணாதுரை குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "எங்க தெருவுல திடுதிப்புன்னு வெளியூர் ஆம்பளைங்க இத்தனை பேர் வந்து தங்குறாங்கன்னா, நானும் கையெழுத்துப் போட்டிருப்பேண்ணே. பொம்பளப் புள்ள வச்சிருக்கேன்ல. ஆனா ஒருநாள் வாலிபால் ஆட ஒரு ஆள் குறையும். அன்னிக்கு அவங்களைக் கூப்பிட்டிருப்பேன். அப்புறம் பயம் போயிருக்கும். இங்க எங்களை யாரும் இன்னும் கூப்பிடல. அவ்வளவுதான்."

"உன் பேரைச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. வெல்டர்னும் சொல்லுங்க."

திங்கட்கிழமை மருதப்பன் அண்ணாதுரை சொன்னதை வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னார். தன் பங்குக்கு ஒரு சொல் சேர்க்கவில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. சொல்லி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் பேசவில்லை. இந்த முறை அவர் முகத்தில் பயம் இல்லை. நாற்பது பிள்ளைகளும் யோசிக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. என் பக்கத்தில் சேவியர் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

அப்போது வெய் ஜியே கையைத் தூக்கினான்.

"சார், அவங்க எங்கே வாலிபால் விளையாடுறாங்க?"

மருதப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதை மூடிக்கொண்டு, அண்ணாதுரையிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று பலகையில் எழுதினார்.