நிற்காத கணக்கு

ராஜாங்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர் பெரிய ஆளும் இல்லை. மன்னார்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, டெமான்ஸ்ட்ரேட்டராகவே ஓய்வு பெற்றவர். அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவன் காதர் மைதீனாகிய நான். அவர் அப்படியே ஓய்வு பெற்றதற்குக் காரணமும் நான்தான்.

அவர் அப்பா கண்ணுசாமி பண்ணையில் கூலிக்கு உழவும் அறுப்பும் செய்தவர். அவர்கள் தெருவில் முதன்முதலில் எம்.எஸ்சி. படித்தவர் ராஜாங்கம். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி.க்கும் பதிந்திருந்தார். முடித்தால் விரிவுரையாளர், இல்லையென்றால் கடைசிவரை மாணவர்களுக்கு வயர் மாட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னால் எங்கள் துறைத் தலைவருக்கே கொட்டாவி வரும். பூமியின் காந்தப்புலம் பகல் பக்கம் அமுங்கியும் இரவுப் பக்கம் நீண்ட வாலாக இழுபட்டும் கிடக்கிறது. அந்த வாலுக்குள் பிளாஸ்மா என்கிற கொதிக்கும் வாயு இருக்கிறது. துருவத்து வானம் திடீரென்று ஒளிவிட்டு எரிகிறதே, அதற்குக் காரணமான காந்தத் துணைப்புயல் வெடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பிளாஸ்மாவின் அழுத்தம் பூமிக்கு அருகே ஏறிக்கொண்டே போகும். அப்போது காந்தக் கோடுகள் எப்படி வளைகின்றன, எங்கே மெலிகின்றன என்று கணக்கிட வேண்டும். அதற்கு அவர் ஒரு புரோகிராம் எழுதினார். துளையிட்ட அட்டைகள் ஒரு பெட்டி நிறைய. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் கொடுத்தால் ஓட்டித் தருவார்கள்.

அழுத்தத்தைக் குறைவாகக் கொடுத்தால் சுற்றுக்குச் சுற்று எண்கள் மாறுவது குறைந்து, கணக்கு சமாதானமாக ஓரிடத்தில் நிற்கும். செயற்கைக்கோள்கள் அளந்த முழு அழுத்தத்தைக் கொடுத்தால் நிற்காது. ஓரிடத்தில் புலம் சுத்தமாக வற்றிப்போய், எண்கள் தறிகெட்டு ஓடும். புரோகிராமில் தப்பு என்றார் சென்னையிலிருந்த வழிகாட்டிப் பேராசிரியர். அழுத்தத்தைக் குறை, அல்லது தப்பைக் கண்டுபிடி, மாசி பிறப்பதற்குள் முடிவு வராவிட்டால் பதிவு ரத்து என்று கடிதம் எழுதினார். கம்ப்யூட்டரில் இரண்டே இரண்டு ஓட்டம்தான் பாக்கி இருந்தது. கணக்குக்காக வெளியைப் பிரித்திருந்த கட்டங்களை இன்னும் நெருக்கமாக்கி, முழு அழுத்தத்தில் ஓட்டப்போகிறேன் என்றார் ராஜாங்கம். இன்னொன்று, அட்டை சிக்கிக்கொண்டால் கைகாவலுக்கு.

எழுபத்தொன்பதாம் வருடம் தை மாதம் அது. கோட்டையில் கழகம் மாறிக் கழகம் வந்தாலும், அறுவடை நேரத்தில் எங்கள் பக்கத்து வயல்களில் போலீஸ் வேன் வந்து நிற்பது மட்டும் மாறவில்லை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டார்கள் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் குறுக்கே நின்ற பதினான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் கண்ணுசாமியும் ஒருவர். சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் ராஜாங்கம் சப்-ஜெயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பாய், நீங்க போயிட்டு வந்துடுங்க. ஜாமீனுக்குப் பட்டா உள்ளவங்க ரெண்டு பேர் வேணுமாம். எங்க தெருவுல யாரு பேர்ல பட்டா இருக்கு?" என்று அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"கணக்கு நிக்கலன்னா என்னங்க பண்றது?"

"நிக்கலன்னா அப்படியே எடுத்துட்டு வாங்க. எனக்கு அதுவும் வேணும்."

அவர் முகம் இருந்த இருப்பில், எல்லாம் விட்டுப்போன மனிதர் பேசுகிற பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

சென்னையில் முதல் ஓட்டம் ஓடியது. முப்பது சுற்று ஒழுங்காகப் போய், அதற்கப்புறம் எண்ணே இல்லை. தாள் முழுக்க நட்சத்திரக் குறிகள். எண் அளவு மீறினால் அந்த மெஷின் அப்படித்தான் அச்சடிக்கும். அப்பன் உள்ளே இருக்கிறான், மகன் வீடு வீடாகப் பட்டாவுக்கு அலைகிறான், இந்தத் தாளை எந்தக் கையால் அவரிடம் நீட்டுவது? எனக்கு அழுகை வந்துவிட்டது. பேராசிரியரின் கடிதத்தை நானும் படித்திருந்தேன். அழுத்தத்துக்கான அட்டை எது என்றும் தெரியும். முழு அழுத்தத்துக்கு ஒன்று என்றிருந்ததற்குப் பதில் புள்ளி ஆறு என்று ஓர் அட்டை துளைத்து, மாற்றிச் செருகிக் கொடுத்தேன். கணக்கு நின்றது. அந்த எண் அச்சாகியிருந்த முதல் பக்கத்தைக் கிழித்தேன். பழைய அட்டையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். நட்சத்திரத் தாளை எழும்பூர் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டேன். பெரிய உபகாரம் செய்த பூரிப்போடு ரயில் ஏறினேன்.

கண்ணுசாமி ஜாமீனில் வந்த அன்று தாள்களைக் கொடுத்தேன். முதல் பக்கம் மெஷினில் சிக்கிக் கிழிந்துவிட்டது என்றேன். ராஜாங்கம் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நின்னுடுச்சே பாய். அந்த அழுத்தத்துக்கு எந்தப் புலமும் ஈடுகொடுக்காது, சமநிலையே கிடையாது, அதனாலதான் புயல் வெடிக்குதுன்னுதானே நான் எழுதப் போனேன்? அஞ்சு வருஷமா நான் நெனச்சது பொய்யா?"

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே அவர், எழுத நினைத்ததே பொய்யென்றால் பட்டம் எதற்கு என்று, பதிவை ரத்து செய்யச் சொல்லித் தபாலில் கடிதம் சேர்த்துவிட்டார். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கோழை.

சில வருடம் கழித்து ஒரு வெளிநாட்டு ஆய்விதழைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "பாருங்க பாய், இவங்களுக்கும் நிக்கலையாம். அப்ப என் புரோகிராம்லதான் எங்கயோ தப்பு. நிக்கக் கூடாதது எப்படி நின்னுச்சு?" என்றார். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனேன். பழுப்பேறிய புரோகிராம் தாள்களைத் தரையில் பரப்பி, வரி வரியாகப் பென்சிலால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அம்சவல்லி டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "தினமும் இதாங்க பாய். கண்ணு வேற மங்கிப் போச்சு. நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"எவ்வளவுக்கு மாத்துனீங்க?"

"புள்ளி ஆறு."

"புள்ளி ஆறுல நின்னுச்சு. முழுசுக்கு நிக்கல." பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப புரோகிராம் சரிதான்."

தரையில் கிடந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

"நெருக்கமான கட்டத்துல ஓடுன அந்த ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தா அதான் பாய் தீசிஸ். இதுவரைக்கும் நிக்கும், இதுக்கு மேல நிக்காதுன்னு. ரெண்டும் உங்க கையிலதான் இருந்துச்சு."