லாடக்காரி ஜெபகுமாரி

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஜெபகுமாரிக்குத் தன் கையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதை அவள் மறைத்ததும் கிடையாது. மரத்தின் தொலியில் கத்தி எவ்வளவு இறங்கினால் பால் வடியும், அதற்கு மேல் மயிரிழை போனாலும் உள்ளே தடியில் காயம் படும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். "நான் வெட்டுன மரத்துல ஒரு வடு பாத்தியா?" என்று உடன் வேலை செய்கிறவர்களைக் கேட்பாள். யாரும் பார்த்ததில்லை.

ஆனால் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். கீரிப்பாறையில் மழைக்குக் கேட்க வேண்டுமா? 2006-இல் ஆனியில் பிடித்த மழை விட்டுவிட்டுக் கார்த்திகை வரைக்கும் பெய்தது. கணவன் சத்தியராஜ் கொத்தனார். மழையில் அவனுக்கும் வேலை கிடையாது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எஸ்டேட் பஸ்ஸில் மலையிறங்கி, தடிக்காரன்கோணத்துக்குப் பக்கத்தில் பொன்னுலிங்கம் வைத்திருந்த குதிரை லாயத்தில் லத்தி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள்.

பொன்னுலிங்கம் கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடுகிறவர். நாகர்கோவிலிலிருந்து பாறசாலை வரைக்கும் அவர் வண்டி போகும். தார் ரோட்டில் ஓடுகிற குதிரைக்கு லாடம் இல்லாமல் தீராது. லாடம் அடிக்கக் களியக்காவிளையிலிருந்து வினோஜ் என்ற பையன் பைக்கில் வருவான். ஜெபகுமாரியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். அவன் வரும் நாளில் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடிக்க லாயத்து ஆண்கள் தயங்குவார்கள். பிடித்தாலும் இழுத்து இழுத்து அதை மிரட்டிவிடுவார்கள். ஜெபகுமாரி பிடித்தால் குதிரை நின்றது. அதனால் அவளே பிடிக்கும் ஆளானாள். பிடித்தவள் சும்மாவும் நிற்கவில்லை. வினோஜ் குளம்பைச் சீவும்போது குனிந்து பார்த்து, இந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்றாள்.

"என்னா சேச்சி, வெட்டிப் பாக்கியா?" என்று வினோஜ் விளையாட்டாகக் கத்தியை நீட்டினான்.

அவள் வாங்கிச் சீவினாள். ரப்பர் தொலி சுருண்டு விழுகிற மாதிரியே குளம்பும் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. வினோஜ் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினான். வெளிச்சுவர் நம் நகம் மாதிரி உயிரில்லாதது, உள்ளே இருப்பது உயிருள்ள சதை, இரண்டுக்கும் நடுவில் வெளுத்த ஒரு கோடு ஓடும், ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியில்தான் ஏற வேண்டும் என்று காட்டினான்.

"அப்பம் இதும் நம்ம மரம் மாதிரிதான்" என்றாள் அவள்.

கத்தி அவளுக்குச் சுலபமாக வந்தது. மற்றதெல்லாம் வரக் காலம் பிடித்தது. பின்னங்காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாரத்தோடு குனிந்து நிற்பது லேசான வேலை இல்லை. தொடையெல்லாம் கன்றிப்போய் இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். ஒரு தடவை குதிரை விட்ட உதையில் லத்திக் குவியலில் போய் விழுந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு மறுபடியும் அதே காலைத் தூக்கினாள். ஆணி அடிக்கப் பழகப் பழைய ரப்பர் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீடுகளில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது சத்தியராஜுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கான்கிரீட் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து, குதிரையின் காலைத் தாங்கி வைக்க ஒரு முக்காலி செய்து கொண்டுவந்தவனும் அவன்தான்.

2009-இல் வினோஜுக்குத் தோகாவில் ஒரு குதிரை லாயத்தில் வேலை கிடைத்தது. அவன் போன பிறகு பொன்னுலிங்கம் வேறு ஆளைத் தேடினார். நான் அடிக்கிறேன் அண்ணாச்சி என்று ஜெபகுமாரி போய் நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பெண்ணாகப் பிறந்தவள் லாடம் அடித்து இந்தப் பக்கத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா என்றார்.

"குதிரை பாத்திருக்கு. அதுக்கு ஒரு சங்கடமும் இல்ல" என்றாள் ஜெபகுமாரி.

வண்டியில் பூட்டாத கிழட்டுக் குதிரை ஒன்றை அவர் காட்டினார். அவள் அடித்தாள். ஒரு வாரம்கூடத் தாங்காமல் லாடம் புல்லுக்குள் கழன்று கிடந்தது. ஆணித் துளைகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே பட்டுவிடுமோ என்ற பயத்தில் ஆணியை மிகவும் வெளியே ஒதுக்கி அடித்திருந்தாள். பயந்து அடித்த ஆணி பிடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்றைக்கே மறுபடி அடித்தாள். அது நின்றது. அந்த வருஷம் முடிவதற்குள் லாயத்துக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் அவளே அடித்தாள்.

2011 மே மாதம் மார்த்தாண்டத்தில் அந்தக் கல்யாணம் வந்தது. சத்தியராஜுக்கு வேலை கொடுக்கிற கட்டட மேஸ்திரி ததேயுஸின் மகன் டிஜோவுக்குக் கல்யாணம். டிஜோ குவைத்திலிருந்து வந்திருந்தான். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மாதா கோயிலுக்குச் சாரட்டில்தான் போக வேண்டும் என்று ததேயுஸ் பொன்னுலிங்கத்திடம் வண்டி பேசியிருந்தார். முத்து என்ற வெள்ளைக் குதிரை பூட்டியிருந்தது. ஜெபகுமாரி அன்றைக்கு வேலைக்காரி இல்லை, விருந்தாளி. பச்சைப் பட்டுச்சேலை உடுத்து, பெண்களோடு வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள்.

பேண்டு வாத்தியம் முழங்க, ஊர்வலம் சந்திப்பை நெருங்கியது. பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளும் குதிரையின் நடை அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓடையை மூடியிருந்த உடைந்த பலகை ஒன்றைத் தாண்டியதும் அந்த நடை மாறியது. மூன்று கால் கணீரென்று விழ, ஒரு கால் சளக்கென்று இழுத்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். அது தான் அடித்த லாடம். என் ஆணிதான் விட்டுவிட்டதோ என்ற நினைப்பும் கூடவே ஓடியது. வண்டிக்காரனிடம் நிறுத்தச் சொல்லி, பட்டுச்சேலையை ஏறக் கட்டிக்கொண்டு முன்னங்காலைத் தூக்கினாள். பலகையில் தடுமாறியபோது குதிரையின் பின்னங்குளம்பே முன்னங்கால் லாடத்தை மிதித்திருந்தது. லாடம் குளம்பில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு திருகிப்போயிருந்தது. அவள் அடித்த ஆணிகள் பிடியை விடவில்லை. ஆனால் திருகிய வேகத்தில் ஒன்று வளைந்து குளம்பின் அடியில் குத்தியிருந்தது.

ரோட்டோரத்தில் பெனின் என்பவன் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனிடம் குறடும் சுத்தியலும் திருப்புளியும் வாங்கினாள். ஆணி முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, லாடத்தைக் கழற்றினாள். கடைசி ஆணியோடு ரத்தமும் வந்தது. முத்து தலையை உதறியது. அவள் கையை விடவில்லை. அதற்குள் ததேயுஸ் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"நாலு ஆணிய அடிச்சு விடும்மா. கோயிலு வரைக்கும் போனா போதும்."

"ஆணி உள்ள ஏறியிருக்கு, அண்ணே. இனி இது வண்டி இழுக்காது."

நல்ல நாளும் அதுவுமாகத் தன் மகன் நடுரோட்டில் இறங்கி நடப்பதா என்று அவர் சத்தம் போட்டார். வண்டிக்காரனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். சத்தியராஜ் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தொட்டான். மேஸ்திரியைப் பகைத்தால் தன் வேலை என்ன ஆகும் என்ற கவலை அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஒங்க கால்ல ஆணி ஏறிக் கெடக்கும்போ செருப்பப் போட்டு நடன்னு சொன்னா நடப்பியளா? அடிச்சது நான், கழத்தினதும் நான். மறுபடி எப்பம் அடிக்கணும்னும் நான்தான் சொல்லணும்."

மேலே உட்கார்ந்திருந்த டிஜோ கோட்டுப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு கீழே குதித்தான். "நடக்கலாம் அப்பா. கோயிலு எங்கயும் ஓடிப் போவாது" என்றான். பேண்டுக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். யாரோ குடை பிடிக்க, மாப்பிள்ளை வெயிலில் நடந்து போனான். கூட்டாளிகள் காலி வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். ஜெபகுமாரி குதிரையின் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பெனின் கொடுத்த சாக்குத் துண்டால் பொதிந்து கட்டி, அதை ஏற்றிப் போக டெம்போ வரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். தாலி கட்டுவதை அவள் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். பிரியாணிப் பந்தியில் ததேயுஸே வந்து, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் சத்தியராஜுக்குச் சோறு இறங்கியது.

பொன்னுலிங்கம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. ஊர் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டாயே என்று மறுநாள் குதித்தார். கால்நடை டாக்டர் சுனிதா வந்து ஊசி போட்டு, ஆணி ஏறிய இடத்தைப் பார்த்தார். இதோடு இன்னும் கொஞ்ச தூரம் நடத்தியிருந்தால் உள்ளே பழுத்துக் குதிரையே வீணாகிப்போயிருக்கும் என்று அவர் சொன்ன பிறகு பொன்னுலிங்கம் தானே மருந்து வாங்கப் போனார். மருந்து கட்டுவதை டாக்டர் பார்த்துக்கொண்டார், குளம்பை ஜெபகுமாரி பார்த்துக்கொண்டாள். புண் ஆறியதும் அடியில் தோல் வைத்து அவள் புது லாடம் அடித்தாள். ஓணத்துக்கு முன்பே முத்து பாறசாலையில் ஒரு கல்யாண வண்டியை இழுத்தது.

மாப்பிள்ளையை நடக்க வைத்தவள் என்ற பேச்சு அவளைவிட வேகமாக ஊர் சுற்றியது. பொன்னுலிங்கத்துக்கு வந்த போன்களில் பாதி சாரட்டுக்காக இல்லை, அவளைக் கேட்டு வந்தன. முதலில் முகத்தைச் சுளித்தவர் பிறகு தானே அவள் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் லாயத்து ஆள் என்று சேர்த்துச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. ஜெபகுமாரி ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள். சத்தியராஜ் அதன் பின்னால் கருவிப் பெட்டிக்கு ஒரு கூடு பொருத்திக் கொடுத்தான். டாக்டர் சுனிதா காலில் கோளாறுள்ள குதிரை எங்கே இருந்தாலும் அவளையும் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பந்தயக்காரர்கள்கூட ஆள் அனுப்பினார்கள். பால்வெட்டுக்கு அவள் திரும்பவே இல்லை.

2014-இல் ஒரு காலை, கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரை ஏற்றிச் சுற்றிக் காட்டும் இசக்கி அவளை வரச் சொல்லியிருந்தான். லாடம் தேய்ந்துவிட்டது, நாலு காலுக்கும் புதிதாக அடிக்க வேண்டும் என்றான். குதிரை ரோட்டில் நடக்குமா என்று அவள் விசாரித்தாள். கொட்டகையே மணலில்தான் இருக்கிறது, நாள் முழுக்க மணல்தான் என்றான். அவள் நாலு காலையும் பார்த்தாள். நல்ல உறுதியான குளம்பு. பழைய லாடங்களைக் கழற்றி, அரத்தால் ஓரங்களை உருட்டிவிட்டு எழுந்தாள்.

"புது லாடம், எக்கா?" என்றான் இசக்கி.

"இதுக்கு வேண்டாம், மக்கா. வெறுங்காலோட நடக்கட்டும்."

இசக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. கயிற்றைப் பிடித்து ஈரமணலில் குதிரையை நடத்திக் காட்டச் சொன்னாள். குதிரை இரண்டு எட்டு தயங்கியது, பிறகு தாராளமாகக் கால் வைத்து அலை ஓரம் வரைக்கும் போனது.

"அப்பம் நீங்க இனி இங்க வராண்டாமா?" என்று அவன் திரும்பி வந்து கேட்டான்.

"ஏன் வராண்டாம்? கொளம்பு வளரும்லா? அரம் போடணும்" என்றாள் ஜெபகுமாரி. உப்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, பெட்டியை ஸ்கூட்டரில் ஏற்றினாள். வட்டக்கோட்டைப் பக்கம் இன்னொருவர் குதிரையோடு காத்திருந்தார்.