உள்ளங்கை அளவு புண்

என் பெயர் சிறில். மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபது வருடமாக ரத்தம் பார்க்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. அந்தக் குணத்தால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நன்மை நடந்திருக்கிறது. அது அன்னப்பூரணியக்காவுக்கு நடந்தது.

குருக்கள்மடத்துக்காரி. நாற்பத்தாறு வயது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, இரண்டு கண்ணிலும் வெண்புரை. 2004இல் கடல் வந்தபோது புருஷன் போனார். உடல் ஊதிவிட்டது, பெண்கள் பார்க்கக் கூடாது என்று தடுத்து, ஆண்களே இடுப்பில் உடுத்திருந்த சாரத்தை வைத்து அடையாளம் சொல்லிப் புதைத்துவிட்டார்கள். அதே மாதிரிச் சாரம் ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. புதைத்தது யாரை என்று அவவுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

2006இல் இயக்கத்துக்கு ஆள் பிடித்தவர்கள் மகள் தனுஷாவைக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்த 2009இல், ஊர்க்காரர் ஒருவர் வவுனியா முகாமில் கம்பிக்கு அப்பால் நின்ற ஒரு பெண்பிள்ளையைப் படம் எடுத்து வந்தார். பாதிப் பேர் தனுஷா என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். என் பிள்ளைதான் என்று தாய் கையெழுத்து வைத்தால்தான் அவளை விடுவிக்கச் சொல்லி விண்ணப்பிக்க முடியும்.

“சனம் சொன்னதக் கேட்டு ஒருக்கா அழுதிட்டன் ஐயா. இனி என்ட கண்ணால பாத்தாத்தான் கையெழுத்து,” என்றா.

கண் ஒப்பரேஷனோ மூன்று முறை தள்ளிப்போனது. சீனி இறங்கவேயில்லை. சீஆர்பியும் ஒவ்வொரு முறையும் கூடவே இருந்தது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் ரத்தத்துக்குள் விடுகிற புரதம் அது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், காலை விரல்விரலாகப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

நான்காம் முறை என்னிடம் வந்தபோது வலக்கையில் நாளம் கிடைக்கவில்லை. இடக்கை வழக்கம்போல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் முன்னால் வாய் பொத்திப் பேசுவது மரியாதை. வெள்ளைக்கோட்டுப் போட்டவனெல்லாம் பெரிய மனிதன், நான் உட்பட.

“மரியாதை போதும், அந்தக் கையத் தாங்க,” என்று சினந்து இழுத்தேன். தலைப்பு விழுந்தது. பல் ஈறான முரசு முழுக்க வீங்கிச் சிவந்து, பற்களின் அடியில் சீழ் நின்றது. எத்தனை வைத்தியர்கள் பார்த்த மனுஷி! வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

“இதென்னகா இது? பல்லு விளக்கிறல்லையா?”

“விளக்கினா ரெத்தம் வருது. இரிக்கிற ரெத்தத்தையும் ஏன் போக்காட்டுவான் எண்டு விட்டுட்டன்.”

பல் வைத்தியர் பரீனாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு பல்லாக அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாப் பல்லச் சுத்தியும் இரிக்கிற புண்ண ஒண்டாச் சேத்து விரிச்சா ஒரு உள்ளங்கை வரும், சிறில். கையில இரிந்தா ஆஸ்பத்திரி வாட்டில போட்டிருப்பம்.”

முரசிடுக்கில் இருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அம்மாடி, எத்தனை வெள்ளணுக்கள்! செத்தவை குவிந்து கிடந்தன, அவற்றின் மேல் புதியவை வந்து நின்றன. யாருமே பார்க்காத ஓர் இடுக்குக்கு, இந்த உடம்பு வருடக்கணக்காக இரவுபகல் காவல் அனுப்பியிருக்கிறது. கடல் எடுத்த வருடத்திலும் அனுப்பியது, மகளைக் கொண்டுபோன அன்றும் அனுப்பியது. கிருமியைக் கொல்ல அவை விடும் நஞ்சு சொந்த எலும்பையும் அரித்தது. அங்கிருந்து கிளம்பிய அழற்சிச் செய்தி ரத்தத்தோடு ஓடி ஈரலைத் தட்டி எழுப்பியது, இன்சுலினையும் வேலைசெய்ய விடவில்லை. இருபது வருடம் ரத்தம் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் அதைக் கும்பிடத் தோன்றியது.

பரீனா நான்கு வாரமாகப் பல்வேர்களைச் சுரண்டித் துப்புரவாக்கினார். சீனிக்கு மருந்து பழைய மருந்துதான். ரத்தம் வந்தாலும் விடாமல் பல் விளக்கச் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து அவவின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு துளியை, சீஆர்பி அட்டையில் வெள்ளைச் சோதனைக் கரைசலோடு கலந்து ஆட்டினேன். அழற்சி இருந்தால் அந்த வெள்ளைக் கரைசல் திரிந்து மணிமணியாகும். இரண்டு நிமிடம் ஆட்டினேன், பாலைப்போல அப்படியே நின்றது. நம்பாமல் இன்னொரு அட்டையிலும் பார்த்தேன். சீனியும் இறங்கியிருந்தது. கண் வைத்தியர் ஒப்பரேஷனுக்குச் சம்மதித்துத் தலையை ஆட்டினார்.

ஒப்பரேஷன் முடிந்து கட்டவிழ்த்தபோது நானும் போய் நின்றேன். முகாமில் எடுத்த படத்தைக் கொடுத்தோம். அவ அதைக் கிட்டப் பிடித்தா, தள்ளிப் பிடித்தா. இல்லை என்று சொல்லிவிடுவாவோ என்று நானும் எட்டிப் படத்தைப் பார்த்தேன். பிறகு அந்தச் சின்ன முகத்தின் மேல் பெருவிரலை வைத்துத் தடவினா.

“இடுப்பு வரைக்கும் கிடந்த தலமயிர்,” என்றா. “ஆர் ஐயா என்ட புள்ளைக்கு இப்பிடி வெட்டின?”